நரம்பை எண்ணும் காலம்

டிரம்முக்குள் குரோம் நீரில் ஊறி நீலமாய் வெளிவருகிறதே தோல், அந்தக் குரோமுக்கும் மனித மூளைக்கும் உறவு உண்டு என்றால் ஆம்பூர்த் தோழர் நம்புவாரா? நம்பத்தான் வேண்டும்!

1873-ல் இத்தாலி நாட்டு மருத்துவர் கோல்ஜி, மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் நீரில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். என்ன விந்தை! எண்ணற்ற நரம்பணுக்களில் ஒரு சில மட்டும், கிளையும் கொப்புமாய், மை தீட்டிய மரம்போலக் கறுத்து நின்றன. அந்த முறையைக் கைக்கொண்டு, கண்டதையெல்லாம் கையாலேயே வரைந்தார் ஸ்பெயின் நாட்டுக் கஹால். 1906-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கையால் வரைந்து எத்தனை அணுவை முடிப்பது? ஒரு சிறு புழுவின் 302 நரம்பணுக்களை இழை இழையாய்த் தொடர்ந்து பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டது 1986-ல். பத்தாண்டுக்கு மேல் பிடித்த வேலை அது! மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி அணுக்கள்.

ஆகவே வந்தது கணிப்பொறி. மூளையை மெல்லிய சீவல்களாய் அறுத்து நுண்ணோக்கியில் படமெடுக்கிறார்கள். இந்தச் சீவலில் தெரியும் புள்ளி அடுத்த சீவலில் எங்கே தொடர்கிறது என்று பொறியே தேடி இணைத்து, நரம்பணுவின் முழு உருவத்தை எழுப்புகிறது. 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை, 1,39,255 அணுக்களோடு, இப்படி வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி., வளர்கருவின் மூளைச் சீவல்கள் 5,132-ஐ அணு தெரியும் அளவுக்குப் படமாக்கி, 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது.

எல்லாம் பொறியே செய்துவிட்டதா? இல்லை, தோழர்களே! ஓரணுவின் கிளையை இன்னோரணுவோடு ஒட்டிவிடும். நடுவிலே அறுத்தும் விடும். மனிதர்கள் உட்கார்ந்துதான் திருத்தினார்கள். ஈயின் மூளைக்கு மட்டும், ஒரே ஆள் செய்தால் 33 ஆண்டு பிடிக்கும் உழைப்பு! பொறிக்குப் பின்னாலும் உழைப்பாளியின் கண்ணும் கையும் நிற்கின்றன.

சரி, இந்த அறிவு யாருக்கு? ஷூ ஒட்டும் சொலூஷனில் ஹெக்சேன் கலந்திருந்தால், அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிப்பவனின் நரம்பணு இழை வீங்கிச் சிதையும். முதலில் கால் விரல் மரக்கும், பிறகு கை மரக்கும், நடை தளரும். 1960-களில் ஜப்பானியச் செருப்புத் தொழிலாளர்களுக்கு நேர்ந்தது இதுதான். நரம்பின் உருவம் தெரிந்திருந்ததால்தான், அந்த வீக்கத்தை நுண்ணோக்கியில் அடையாளம் காண முடிந்தது.

நரம்பு மருத்துவம் நமக்கு எட்டாக்கனியா? 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி, நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கியது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அல்லவா? வாசலில் இருக்கிறது வைத்தியம். ஒட்டும் மேசைக்கு அது வரவேண்டும்.

கேட்பது அதிகமல்ல. ஹெக்சேன் இல்லாத பசை. ஆவியை வெளியேற்றும் விசிறி. ஆண்டுக்கொருமுறை நரம்புச் சோதனை. ஈயின் நரம்பையே எண்ணி முடித்த காலத்தில், ஷூ தைக்கும் தொழிலாளியின் நரம்பைக் கணக்கில் எடுக்காதிருப்பது எந்த நியாயம்?