பங்ஙாவின் கடற்காட்சிகள்

தாய்லாந்து நாட்டின் தென்பகுதி, இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பாகும். அதன் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவும், மேற்கே அந்தமான் கடலும் உள்ளன. மேற்குக் கரையில் அமைந்த மாகாணங்களுள் ஒன்று பங்ஙா. தமிழ்நாட்டிலிருந்து கிழக்கு நோக்கி வங்கக் கடலையும் அந்தமான் கடலையும் கடந்து செல்வோர் எய்தும் கரைகளுள் இதுவும் ஒன்று. உலகின் பல நாடுகளினின்றும் மக்கள் இம்மாகாணத்தைக் காண வருகின்றனர். அங்குக் காணத்தக்கவை பல. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை கடலோடு தொடர்புடையன. ஆக்கியதும் கடலே, காத்ததும் கடலே, ஒரு நாள் அழித்ததும் கடலே. ஆதலின், கடலின் இயல்பை அறிந்து காண்போர்க்கே அக்காட்சிகள் தம் முழுப்பொருளையும் புலப்படுத்தும்.

முதற்கண் காணத்தக்கது பங்ஙா விரிகுடா. அலையடங்கிய பசுமை நிறக் கடலினின்று, செங்குத்தான பாறைகள் தூண்கள் போல நிமிர்ந்து நிற்கின்றன. அவை சுண்ணாம்புக் கற்பாறைகள். பல கோடி ஆண்டுகட்கு முன், கடலடியில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதால் உண்டாயவை. காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரிற் கலக்கும்போது, அந்நீர் சிறிதளவு அமிலத்தன்மை பெறுகின்றது. அது பாறைப் பிளவுகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக் குகைகளையும் சுரங்க வழிகளையும் குடைந்தது. பின்னர், உலகில் பனிப்பாறைகள் உருகிக் கடல்மட்டம் உயர்ந்தபோது, தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. குன்றுகள் மட்டும் தீவுகளாய் எஞ்சின. இவ்விரிகுடா 1981ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. இதன் கரையோரங்களில் அலையாத்திக் காடுகள் அடர்ந்து, மீன்குஞ்சுகட்கும் நண்டுகட்கும் பிறப்பிடமாய் விளங்குகின்றன.

இப்பாறைகளுள் பெரும்புகழ் வாய்ந்தது தாப்பூ. தாய் மொழியில் அச்சொல்லுக்கு ஆணி என்பது பொருள். ஏறக்குறைய 20 மீட்டர் உயரமுள்ள இப்பாறை, மேலே பருத்தும் அடியிற் சிறுத்தும், கடலில் அறையப்பட்ட ஆணி போலவே காட்சியளிக்கின்றது. அலைகள் ஓயாது மோதி அதன் அடியை அரித்தமையே இவ்வடிவத்திற்குக் காரணமாகும். 1974ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படம் ஒன்றில் இது காட்டப்பெற்றதும், இதனைக் காண வருவோர் தொகை பெருகியது. படகுகள் நெருங்கிச் செல்வதால் அடிப்பாறை மேலும் தேய்ந்துவிடும் என்று அஞ்சி, 1998ஆம் ஆண்டு முதல் அவை அருகிற் செல்வது தடுக்கப்பட்டது. விலகி நின்று காண்பதே அப்பாறைக்குச் செய்யும் நன்மையாயிற்று.

அவ்விரிகுடாவிலேயே ‘எழுதிய மலை’ எனப் பொருள்படும் காவ் கியன் என்னும் குன்றும் உள்ளது. அதன் பாறைச் சுவரில் பழங்கால மக்கள் மீன்களையும் விலங்குகளையும் வண்ணத்தால் தீட்டி வைத்துள்ளனர். சிறிது தொலைவில் பன்யீ என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. நிமிர்ந்த பாறையொன்றின் அடியில், கடலில் நட்ட கால்களின் மீது வீடுகளும் பள்ளியும் பள்ளிவாசலும் கடைகளும் கட்டப்பட்டுள்ளன. அங்கு வாழ்வோர் இசுலாமியர். விளையாடுதற்கு நிலமில்லாத அவ்வூர்ச் சிறுவர், 1986ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டியைத் தொலைக்காட்சியிற் கண்டு ஊக்கமுற்றனர். பழைய மிதவைகளையும் பலகைத் துண்டுகளையும் பிணைத்து, நீரில் மிதக்கும் விளையாட்டுத் திடல் ஒன்றைத் தாமே அமைத்தனர். பந்து கடலில் விழுந்துவிடாமற் காக்க முயன்று முயன்று, அவர்கள் ஆட்டத்தில் தேர்ச்சியும் பெற்றனர். இடம் இல்லை என்பது முயற்சியுடையார்க்குத் தடையன்று என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

விரிகுடாவை விட்டு மேற்குக் கரைக்குச் சென்றால் தக்குவாபா என்னும் பழைய ஊரை அடையலாம். அதனைச் சூழ்ந்த நிலம் வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. அதற்கும் முன்னே, கடல் வாணிகம் அதனைச் சிறப்பித்திருந்தது. அண்மையிலுள்ள கோ கோ காவ் தீவில் சீனப் பாண்டங்களின் உடைசல்களும், மேலை நாட்டுக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. தக்குவாபாப் பகுதியிற் கிடைத்த ஒரு கல்வெட்டு தமிழர்க்கு மிக நெருக்கமானது. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அத்தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ என்னும் பெயருடைய குளம் ஒன்றைக் குறிப்பிட்டு, அது மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. மணிக்கிராமத்தார் என்போர் வணிகக் குழுவினர். அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். உப்புக் கடலைக் கடந்து சென்ற வணிகர், சென்ற இடத்தில் நன்னீர்க் குளத்தைப் பேணினர் என்பது எண்ணி மகிழத்தக்கது. இக்கல்வெட்டு இன்று நக்கோன் சி தம்மராட் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

தக்குவாபாவுக்கு மேற்கே, ஆழ்கடலில் சிமிலன் தீவுகள் இருக்கின்றன. ஒன்பது எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லினின்று அப்பெயர் வந்தது. வெண்மணற் கரையும், உருண்டு திரண்ட கருங்கற்பாறைகளும், தெளிந்த நீரினடியே பவளப்பாறைகளும் அத்தீவுகளின் செல்வமாகும். கடலாமைகள் அங்கு முட்டையிட வருகின்றன. ஆண்டுதோறும் மழைக்காற்று வீசும் திங்கள்களில் அத்தீவுகள் மூடப்படும். வருவோர் தொகை மிகுந்து பவளம் அழியலாயிற்று. ஆதலால் 2018ஆம் ஆண்டு வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, தீவில் இரவு தங்குதலையும் அரசினர் தடை செய்தனர்.

இத்துணை எழில் வாய்ந்த கடல், 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் பெருங்கொடுமை விளைத்தது. சுமத்திரா தீவை அடுத்த கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் கடற்றளம் பெயர்ந்தது. அதனால் ஆழிப்பேரலைகள் எழுந்து நாலாபுறமும் பாய்ந்தன. அன்று நாகப்பட்டினம் முதலிய தமிழகக் கடற்கரை ஊர்களும் அழிவுற்றன. தாய்லாந்தில் மாண்டவர் 5,000 பேருக்கு மேற்பட்டோர். அவருள் மிகப் பலர் பங்ஙா மாகாணத்தில் உயிர் துறந்தனர். காவ் லாக் கடற்கரையில் அலை வருவதற்கு முன் கடல் நெடுந்தொலைவு பின்வாங்கியது. அதன் பொருள் அறியாதார், வெளிப்பட்ட கடற்றரையை வியந்து நோக்கி நின்றனர். சிறிது நேரத்தில் பேரலை வந்து அவர்களை வாரிச் சென்றது. கரைக்கப்பால் காவல் புரிந்துகொண்டிருந்த 813 என்னும் எண்ணுடைய காவற்படகு, ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக நிலத்துள் எறியப்பட்டது. அப்படகு, மாண்டோர் நினைவுச் சின்னமாக அங்கேயே நிறுத்தப்பட்டுள்ளது.

அதே நாளில், இம்மாகாணத்தைச் சார்ந்த சுரின் தீவுகளில் வாழ்ந்த மோக்கன் மக்களின் குடிசைகளும் படகுகளும் அழிந்தன; ஆனால் அம்மக்களுள் ஏறக்குறைய அனைவரும் உயிர் பிழைத்தனர். மோக்கன்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலிலே வாழ்ந்தவர்கள். கடல் திடீரென்று வற்றினால், மனிதரை விழுங்கும் பேரலை பின்னே வரும் என்று அவர்தம் முன்னோர் கதையாகச் சொல்லி வைத்திருந்தனர். எழுத்தில் இல்லாத அக்கதையை முதியோர் மறவாது நினைவிற் கொண்டிருந்தனர். நீர் பின்வாங்கக் கண்டதும், அவர்கள் குழந்தைகளையும் தீவைக் காண வந்திருந்தவர்களையும் அழைத்துக்கொண்டு மேட்டு நிலத்தில் ஏறினர். செல்வமும் வலிமையும் காவாத உயிர்களை, பாட்டன் சொன்ன ஒரு கதை காத்தது.

பங்ஙாவைக் காணச் செல்வோர் பாறையின் வடிவையும் பவளத்தின் நிறத்தையும் கண்டு மகிழ்வது இயல்பு. அதனோடு, அக்கடல் உணர்த்தும் இரண்டு உண்மைகளையும் அறிந்து மீள்வதே பயன் தரும். எழிலுடைய பொருளை நெருங்கிச் சிதைத்தல் தகாது. எட்ட நின்று போற்றல் வேண்டும் என்பது ஒன்று. முன்னோர் பட்டறிவால் விட்டுச்சென்ற சொல்லை எளிதென எண்ணி மறத்தல் ஆகாது என்பது மற்றொன்று. கடற்கரையில் வாழும் எந்நாட்டு மக்களுக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.