சிறுதானியமும் சிறுநடையும்

பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூரை ஒட்டிய மலைப்பகுதி அட்டப்பாடி. இருளர், முதுகர், குறும்பர் வாழும் அவ்வூர்களில் 2013-ஆம் ஆண்டு ஊட்டக்குறைவு பல பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்தது. கேழ்வரகும் சாமையும் விளைந்த காடுகள் சுருங்கி, தட்டில் அரிசிச்சோறே மிஞ்சியதும் அதற்கொரு காரணம். அப்பயிர்களை மீட்கவே கேரள அரசு 2017-இல் சிறுதானிய கிராமத் திட்டத்தைத் தொடங்கியது.

அம்மலையின் பாடம் நமக்கும் உரியது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; அரிசியிலோ மிகச் சொற்பம். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் சோற்றுடன் கொள்ளு ரசமும் முருங்கைக்கீரையும் சிறுவருவாய்க் குடும்பத்துக்கும் எட்டுபவையே. இடுக்கி எல்லையில் வாழ்வோர் வட்டவடை, காந்தளூர்க் காய்கறிகளைப் பருவமறிந்து வாங்கினால் செலவு குறையும்.

உண்பதோடு உடலும் அசைய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியேனும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் வாரம் சமதரையில் நாளுக்கு 10 நிமிடம் நடப்போம். வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டுவோம். ஐந்தாம் வாரத்தில் 30 நிமிடம் ஆகிவிடும். வாரம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு நேராகும். மேட்டுப்பாதையை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம். இதய நோய், மூட்டுவலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம்.

தொடர் வைப்புக் கணக்கைப் போலத்தான் உடல்நலமும்: தொகை சிறிதாயினும் தவணை தவறலாகாது.