நகர வலய விதியும் விலக்கும்

தன் நிலத்தில் வீடோ மாளிகையோ எழுப்புதல் நிலக்காரனின் உரிமை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அம்மாளிகையின் நிழல் அயலான் முற்றத்திலன்றோ விழுகின்றது! நியூயோர்க் நகரில் 1915 ஆம் ஆண்டு கட்டி முடிந்த எக்குயிற்றபிள் கட்டடம் இச்சிக்கலை யாவரும் காணச் செய்தது. ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்திலே, ஏறக்குறைய 12 இலட்சம் சதுர அடித் தளப்பரப்புடன், தெருவின் விளிம்பிலிருந்தே அது செங்குத்தாக உயர்ந்தது. சூழவிருந்த தெருக்கள் வெயிலை இழந்தன.

மறு ஆண்டு, 1916 யூலை 25 ஆம் நாள், அந்நகரம் வலய விதிகளை இயற்றியது. குடியிருப்புக்கு ஒரு வலயம், வணிகத்துக்கு ஒரு வலயம், கட்டுப்பாடற்ற வலயம் ஒன்று என நிலம் வகுக்கப்பட்டது. கட்டடத்தின் உயரம் தெருவின் அகலத்தைத் தழுவி வரையறுக்கப்பட்டது. அதற்குமேல் எழுப்புவோர் படிப்படியாக உள்ளொடுங்கிச் செல்லவேண்டும். நிலப்பரப்பின் காற்பங்களவாக ஒடுங்கியபின் எவ்வளவும் உயரலாம். 1931 இல் முற்றுப்பெற்ற எம்பயர் ஸ்ரேற் கட்டடம் படிப்படியாக ஒடுங்கி நிற்பதன் காரணம் இதுவே.

இத்தகைய விதி சொத்துரிமையைப் பறிப்பதாகாதா? ஒகையோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் சிற்றூரில் 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த அம்பிளர் நிறுவனம் இவ்வாறு வழக்காடித் தோற்றது. 1926 இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது.

எனினும் பொதுவிதி ஒவ்வொரு துண்டு நிலத்தையும் நேரிற் கண்டு இயற்றப்படுவதன்று. முக்கோண வடிவான நிலத்தில் விதித்த இடைவெளிகளை விட்டால் கட்டுதற்கு ஒன்றும் எஞ்சாது போகலாம். அங்கு விதியைத் தளர்த்தும் இசைவே விலக்கு எனப்படும். 1961 இன் புதிய விதிகள், நிலப்பரப்பின் இத்தனை மடங்கு தளம் கட்டலாம் எனக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தன. அவற்றின்படி நியூயோர்க்கில் விலக்கு வேண்டுவோர் அதற்கென அமைந்த சபையின்முன் ஐந்து செய்திகளை நிறுவுதல் வேண்டும். நிலத்துக்கே உரிய தனி இயல்பால் இடர் விளைந்தது. விதிக்கு அமைந்து கட்டினால் நியாயமான வருவாய் கிட்டாது. அயலின் இயல்பு கெடாது. இடர் அவராலேயே உண்டாக்கப்பட்டதன்று. கேட்பது இடர் தீர்தற்குப் போதிய மிகக் குறைந்த தளர்வே.

இவற்றுள் முதலாவதே உயிரானது. விலக்கு நிலத்தின் குறைக்கு மருந்து, நிலக்காரரின் ஆசைக்கன்று. கடன் மிகுந்தது, இன்னும் இரு மாடி இருந்தால் ஆதாயம் பெருகும் என்பன காரணமாகா. பள்ளி, வழிபாட்டிடம் முதலிய இலாபநோக்கற்ற நிறுவனங்கள் வருவாய் பற்றிய இரண்டாவதை நிறுவவேண்டியதில்லை. அஃது அறிவுடைய ஏற்பாடே. நல்ல நிலத்தைத் தாமே கீறி விற்று, எஞ்சிய ஒடுங்கிய துண்டைக் காட்டி இரங்குவோரை நான்காவது தடுக்கும். ஐந்தாவதோ பேரம் பேசுவோரை அடக்குவது: பத்து மாடி கேட்பவருக்கு ஆறு போதுமென்று கணக்குக் காட்டுமாயின், ஆறுக்கு மேல் சபை வழங்கலாகாது.