எக்கோ ஏத்துங்க அண்ணாச்சி!

சிவகாசிப் பக்கத்து மக்களுக்குச் சத்தம் என்பது சோறு போடும் தொழில். அதை அளந்து, பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றி இந்தியா முழுக்க அனுப்புகிறவர்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-ல் மத்திய அரசு விதி போட்ட பிறகு, அந்தச் சத்தத்துக்குக் கணக்கும் வந்துவிட்டது.

அந்த வட்டாரத்தில், எம். புதுப்பட்டி மாதிரி ஓர் ஊரில், திருவிழா மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி வைத்தால் முதலில் கேட்பது, "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ...!" இரண்டாவதாகக் கேட்பது, "அண்ணாச்சி, எக்கோ கொஞ்சம் ஏத்துங்க!"

பாடகர் கேட்பார். பாடகி கேட்பார். பொன்னாடை போர்த்த வந்த பிரமுகர்கூடக் கேட்பார். எக்கோ இருந்தால் சாதாரண 'வணக்க'மே சட்டசபை வணக்கம் மாதிரி ஒலிக்குமே!

அனுபவஸ்தரான ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியிடம் கேட்டேன்: "எல்லாரும் கேட்டா ஏத்திருவீங்களா?"

"கை குமிழ் மேல போகும் தம்பி. குமிழ் திரும்பாது. 'இப்ப ஓகேவா?'னு கேப்பேன். 'சூப்பர்ணே!'ம்பாங்க."

தொழில் ரகசியம். போகட்டும். அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் சமாசாரத்தைப் பார்ப்போம்.

பாத்ரூமில் ஆரம்பித்த கதை

பாத்ரூமில் பாடினால் எல்லோருமே பாடகர்தான். இதை 1947-லேயே காசாக்கியவர் அமெரிக்க ஒலிப்பதிவாளர் பில் புட்னம். சிகாகோவில் தன் ஸ்டூடியோ பாத்ரூமில் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து, அந்த எதிரொலியைப் பாட்டில் கலந்தார். ரெக்கார்டு பிய்த்துக்கொண்டு போனது.

1957-ல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் பெரிய இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதை அதிரவைத்து எதிரொலி உண்டாக்கியது. கருவியின் எடை சுமார் 270 கிலோ! 1974-ல் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ வந்தது. உள்ளே டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். பதிந்ததையே கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்லும். 1976-ல் அதே இ.எம்.டி. டிஜிட்டல் முறைக்கு மாறியது. 1985 வாக்கில் யமஹா எஸ்.பி.எக்ஸ். 90 என்று ஒரு மெல்லிய கறுப்புப் பெட்டி வர, சின்னச் சின்னக் குழுக்களுக்கும் டிஜிட்டல் எக்கோ கிடைத்தது.

உள்ளே நடப்பது இதுதான். குரலை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எண்களாக்கி, அந்த எண்களைத் தாமதித்து, குறைத்து, கலந்து மறுபடி சத்தமாக்கி அனுப்புகிறது. எண்ணை மாற்றினால் சத்தம் மாறும்.

எஸ்.பி.எக்ஸ். 90-ல் 1 முதல் 30 வரை கம்பெனியே வைத்துக் கொடுத்த ஒலிகள். ஹால், ரூம், வோக்கல், பிளேட் என்று ஆரம்பிக்கும். 31 முதல் 90 வரை காலி இடம். அதாவது 60 வீட்டு மனை, இலவசம்! நீங்களாக ஒலியை அமைத்து, பெயர் வைத்துச் சேமிக்கலாம். இன்று இதெல்லாம் டிஜிட்டல் மிக்ஸருக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனாலும் அநேகம் பேர் முதல் நம்பரான 'ஹாலை'ப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ஜப்பான்காரன் மனசில் இருந்த ஹால் வேறு, நம்ம ஊர் மந்தை வேறு இல்லையா?

"'ரோஜா' பாட்டுல வர்ற மாதிரி எக்கோ வேணும்" என்று 1992-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு ஸ்டூடியோ கட்டி, வெளிச்சத்தம் புகாத அறையில், ஒவ்வொரு ஒலியாக உட்கார்ந்து செதுக்கினார். இங்கே மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், பக்கத்தில் ராட்டினம்! இந்த இடத்துக்கு இந்த இடத்து எண்கள்தான் வேண்டும்.

பி.காம். கணக்கு போதும்!

பயப்பட வேண்டாம். எல்லாம் வகுத்தல், பெருக்கல்தான்.

முதலில் டிலே. பாட்டின் வேகத்தோடு எக்கோ ஒட்ட வேண்டுமானால், 60,000-ஐ நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுக்கவும். 120 தட்டு என்றால் 500 மில்லிசெகண்ட். 150 தட்டு குத்துப் பாட்டென்றால் 400. இந்த எண்ணைப் போட்டால் எக்கோ தாளத்தில் விழும். போடாவிட்டால் தவில்காரருக்கும் எக்கோவுக்கும் சண்டை.

அடுத்து ஃபீட்பேக். படிக்கிற காலத்தில் 'குறைந்து செல் இருப்பு முறை' தேய்மானம் போட்டது ஞாபகமிருக்கிறதா? அதேதான். ஃபீட்பேக் 30 சதவிகிதம் என்றால் 100, 30, 9, 2.7 என்று ஒவ்வொரு எக்கோவும் தேய்ந்துகொண்டே போகும். 90 வைத்தால்? கடன் கொடுத்தவர் மாதிரி திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

மூன்றாவது டீகே டைம். அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் என்பது. திறந்தவெளியில் மெலடிக்கு 2 விநாடி அழகு. அதையே கல்யாண மண்டபத்தில் வைத்தால் வம்பு. மண்டபச் சுவரே ஏற்கெனவே எதிரொலிக்கிறது. ஜிலேபியைப் பாகில் முக்கிச் சர்க்கரையும் தூவுவானேன்?

நான்காவதுதான் தெருவுக்குத் தேவையானது. மேடையில் ஸ்பீக்கர், 70 மீட்டர் தள்ளி முக்கில் இன்னொரு ஸ்பீக்கர். நம்ம வெயிலில் சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். (தூரத்தில் வாணம் பூத்த பிறகு வெடிச்சத்தம் தாமதமாக வருகிறதே, அதே காரணம். இதை எம். புதுப்பட்டிப் பையன்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.) ஆனால் ஒயரில் போகும் சத்தம் முக்கு ஸ்பீக்கரில் உடனே வந்துவிடும். அங்கே நிற்பவருக்கு ஒரே வார்த்தை இரண்டு தடவை கேட்கும். 70-ஐ 350-ஆல் வகுத்தால் 0.2. முக்கு ஸ்பீக்கரை 200 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒரு குழந்தையைக் காணோம்

இவ்வளவும் பாட்டு சுகத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

திருவிழாக் கூட்டத்தில் அறிவிப்பு வருகிறது: "மூணு வயசுப் பொண்ணு, பச்சை கவுன், மேடைக்கிட்ட நிக்குது..." சாதாரணப் பேச்சில் விநாடிக்கு நாலைந்து அசைகள். முந்தைய பாட்டுக்கு வைத்த 3 விநாடி அதிர்வு அப்படியே இருந்தால், பதினைந்து அசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கூட்டத்தின் கடைசியில் தேடிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு 'பச்சை' கேட்காது, 'மேடை'யும் கேட்காது. வெறும் இரைச்சல்தான் கேட்கும். "எல்லாரும் விலகுங்க, அந்தப் பக்கம் தீ!" என்பதும் அப்படியே.

மருந்து கலக்கிற வேலை தெரிந்த ஊர் இது. கலவை தப்பினால் என்ன ஆகும் என்பதை உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட ஊர். மேடைக் கலவை பெரும்பாலும் பாட்டைத்தான் கெடுக்கும். ஆனால் அறிவிப்பு நேரத்தில் அது விளையாட்டில்லை.

அதனால் காலியாக இருக்கும் மனைகளில் முதல் மனையை எக்கோவே இல்லாத ஒலிக்கு ஒதுக்குங்கள். 'அறிவிப்பு' என்று பெயர் வையுங்கள். மைக் பேச்சுக்குப் போனதும் ஒரே அமுக்கில் அங்கே போய்விட வேண்டும். அடுத்ததில் மெலடி, அதற்கடுத்து குத்து, அப்புறம் மண்டபம். பிரமுகருக்குத் தனியாக ஒன்று வேண்டுமா? அவருக்கும் 'அறிவிப்பு'தான். குமிழ் மேல் கை வைத்து, "இப்ப ஓகேவா ஸார்?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எண்ணை மாற்றிவிட்டு 'ஸ்டோர்' அமுக்காவிட்டால் அந்த உழைப்பு கரன்ட்டோடு போய்விடும். ஸ்டோர் செய்தாலும், இந்தப் பழைய பெட்டிகளுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி ஒருநாள் தீரும். அன்று 60 மனையும் காலி! ஆகவே 40 பக்க நோட்டு ஒன்றில் ஊர், இடம், டிலே, ஃபீட்பேக், டீகே என்று கோடு போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே ஊர், அதே மேடை. பத்து நிமிஷத்தில் வேலை முடியும்.

அந்த நோட்டை மட்டும் இன்னொரு குழுவுக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள். எக்கோ மாதிரி தானாகத் திரும்பி வராது!