அலைமேல் ஒரு மின்சாரப் பாம்பு!

குழந்தைகளே! கடற்கரைக்குப் போனால் அலையில் கால் நனைப்பீர்கள். அலை ஓயட்டும் என்று காத்திருந்தால் பொழுதுதான் போகும். அது ஓயவே ஓயாது. ஓயாத இந்த அலைக்கு வேலை கொடுத்தால் என்ன? இப்படி நினைத்தவர்களின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

வெயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. அதனால்தான் காற்று வீசுகிறது. காற்று கடலைத் தள்ளுவதால் அலை எழுகிறது. ஆக, அலைக்குள் இருப்பதும் சூரியனின் சக்திதான்!

1973இல் பெட்ரோலிய எண்ணெய் விலை கிடுகிடுவென உயர்ந்தது. மாற்று வழி தேடியவர்களில் ஒருவர், ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்ட்டர். அலையில் வாத்து போலத் தலையாட்டும் ஒரு மின் கருவியை 1974இல் அவர் உலகுக்கு அறிமுகம் செய்தார். எண்ணெய் விலை இறங்கியதும் அந்த ஆர்வம் தணிந்துவிட்டது.

பாம்பு பிறந்தது

1998இல் அதே எடின்பரோவில் ரிச்சர்ட் யெம் என்ற பொறியாளர் ஒரு கம்பெனி தொடங்கினார். அதன் கருவிக்குப் பெயர் 'பெலாமிஸ்'. ஒரு வகைக் கடல்பாம்புக்கு விலங்கியலார் வைத்திருந்த பெயர் இது.

நீளம் 120 மீட்டர், குறுக்களவு 3.5 மீட்டர். ஐந்து ரயில் பெட்டிகளை வரிசையாகக் கடலில் மிதக்க விட்டது போல இருக்கும்! நான்கு எஃகு உருளைகளை மூட்டுகளால் இணைத்திருந்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? வீட்டிலேயே பார்க்கலாம். பப்பாளி இலைக் காம்பை மூன்று துண்டுகளாக நறுக்கி, நூலில் கோத்து, அகலமான தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். ஒரு முனையில் தண்ணீரைக் கையால் மெல்லத் தட்டுங்கள். துண்டுகள் சேரும் இடம் மடங்கி மடங்கி நிமிரும். பெலாமிஸின் மூட்டுகளும் இப்படித்தான் மடங்கின. அந்த அசைவு, உள்ளே இருந்த எண்ணெயை மிகுந்த அழுத்தத்துடன் தள்ளியது. எண்ணெய் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றியது. மின்சாரம் கடலடிக் கேபிள் வழியே கரைக்கு வந்தது.

ஒரு கருவியின் உச்சத் திறன் 750 கிலோவாட். 75 வாட் மின்விசிறிகள் பத்தாயிரத்தை ஓட்ட அது போதும். ஆனால், அலை நன்றாக அடிக்கும்போது மட்டும்தான் இந்த அளவு கிடைக்கும்.

2004இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே பெலாமிஸை மிதக்கவிட்டார்கள். கரையோரமாக இல்லாமல், கடலுக்குள்ளேயே மிதந்தபடி அலையிலிருந்து மின்சாரம் எடுத்து, நாட்டின் மின் கட்டமைப்புக்கு அனுப்பிய முதல் கருவி இதுவே.

கடையில் விற்க முடிந்ததா?

கருவி ஓடிவிட்டது. அடுத்து மின்சாரத்தை விற்க வேண்டுமே! 2008 செப்டம்பரில் போர்ச்சுகல் நாட்டின் அகுசாடோரா கடலில் மூன்று பெலாமிஸ்கள் மின் உற்பத்தியைத் தொடங்கின. பின்னால் இன்னும் 25 கருவிகளைச் சேர்த்து, மொத்தம் 21 மெகாவாட் ஆக்குவது திட்டம்.

இரண்டு மாதங்களிலேயே சோதனை வந்தது. மூட்டுகளின் பேரிங்குகளில் கோளாறு. மூன்றையும் கரைக்கு இழுத்து வந்தார்கள். அதே சமயத்தில் உலகம் முழுவதும் பொருளாதார நெருக்கடி. திட்டத்தில் பணம் போட்டிருந்த ஆஸ்திரேலிய நிறுவனமும் நொடித்துப் போனது. பாம்புகள் அந்தக் கடலுக்குத் திரும்பவே இல்லை.

கம்பெனி சோர்ந்துவிடவில்லை. 180 மீட்டர் நீளத்தில் புதிய பெலாமிஸைச் செய்தது. இரண்டு பெரிய மின் நிறுவனங்கள் ஆளுக்கு ஒன்று வாங்கி, ஆர்க்னி கடலில் சோதித்தன. ஆனாலும் பெரிய ஆர்டர் வரவில்லை.

ஏன் தெரியுமா? ஒன்றிரண்டு கருவிகள் மட்டும் செய்தால் செலவு அதிகம். நூற்றுக்கணக்கில் செய்தால் விலை குறையும். விலை குறைந்தால்தான் நூற்றுக்கணக்கில் வாங்க ஆள் வரும்! 'பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான். இதற்கிடையே காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிவாகிக்கொண்டே வந்தன. 2014 நவம்பரில் பணம் தீர்ந்து, கம்பெனி மூடப்பட்டது.

வீண் போகவில்லை

பெலாமிஸ் கற்ற பாடங்கள் கடலோடு போய்விடக் கூடாது என்று ஸ்காட்லாந்து அரசு நினைத்தது. அதற்காக ஓர் அமைப்பை உருவாக்கி, கம்பெனியின் தொழில்நுட்ப அறிவை வாங்கிப் பாதுகாத்தது.

2023இல் அதே அகுசாடோரா கடலில், சுவீடனைச் சேர்ந்த 'கார்பவர் ஓஷன்' கம்பெனி 300 கிலோவாட் மிதவை ஒன்றை இறக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் வீசிய புயலில் 18.5 மீட்டர் உயர அலை எழுந்தது; ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம்! மிதவை அதையும் தாங்கி நின்றது.

ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வதுதான் அறிவியல். பெலாமிஸ் அவிழ்க்காமல் போன முடிச்சு இன்னும் அப்படியேதான் இருக்கிறது: அலை மின்சாரத்தின் விலையைக் குறைப்பது எப்படி? குட்டி விஞ்ஞானிகளே, பப்பாளிக் காம்பும் தொட்டித் தண்ணீரும் தயார்தானே?