புழுவின் குடலும் பாக்டீரியாவின் படிகமும்

இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்திக் காய்க்குள் புகுந்து விதையைத் தின்னும். தெளிக்கிற மருந்து, காய்க்குள் போய்விட்ட புழுவை எட்டாது. சில புழுக்கள் இரண்டு விதைகளை நூலால் ஒட்டி, அதற்குள்ளேயே அடுத்த பருவம்வரை உறங்கும். வளர்ந்தால் சிறிய பழுப்பு நிற அந்துப்பூச்சி, அவ்வளவுதான்.

இதன் எதிரி, சில மைக்ரோமீட்டர் நீளமே உள்ள பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் ஆய்வாளர் இஷிவாட்டா நோயுற்ற பட்டுப்புழுக்களில் கண்டது இதைத்தான். 1911இல் ஆய்வாளர் பெர்லினர் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். உணவு தீர்ந்ததும் இந்த பாக்டீரியா வித்தாக மாறும். கூடவே ஒரு புரதப் படிகத்தையும் செய்து வைக்கும். புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை அதிகம். படிகம் அங்கே கரைகிறது. புழுவின் செரிமான நொதிகளே அதை வெட்டி நஞ்சாக்குகின்றன! அந்த நஞ்சு குடல் செல்களின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு துளையிடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். நஞ்சு பற்றிக்கொள்ள அந்தப் புரதமும் நம் குடலில் இல்லை.

படிகத்துக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. பாக்டீரியா அதைப் பக்கத்து பாக்டீரியாவுக்கு நேரடியாகவே கொடுத்துவிடும். அந்துப்பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு புழு நஞ்சைத் தாங்கினாலும், இணைசேர்ந்து பிள்ளைகளுக்குத்தான் அதைக் கடத்த முடியும். அந்தத் திறன் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளை பிழைக்கும்.

இந்தப் படிக மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்திய பருத்திதான் பி.டி. பருத்தி. இந்தியாவில் 2002இல் அது வந்தபோது இந்தப் பலவீனத்தை நம்பித்தான் ஓர் ஏற்பாடு இருந்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனிப் பொட்டலமாக வந்தது. அதை வயலைச் சுற்றி விதைத்தால் நஞ்சைத் தாங்காத அந்துப்பூச்சிகளும் பெருகும். அவற்றோடு இணைசேரும்போது எதிர்ப்புத்திறன் நீர்த்துப்போகும். பல வயல்களில் அது விதைக்கப்படவில்லை. 2010இல் குஜராத் புழுக்கள் முதல் படிகப் புரதத்தைத் தாங்குவது தெரியவந்தது. பின்னர் பருத்தியில் சேர்க்கப்பட்ட இரண்டாவது புரதத்தையும் சில ஆண்டுகளில் தாங்கின.

விவசாயியை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. சில வரிசைப் பருத்தியைப் புழுவுக்கு விட்டுக்கொடுங்கள் என்று சிறு நிலக்காரரிடம் கேட்டோம். எதற்காக என்று புரியும்படி யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவிலோ பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் வயல்களில் விட்டார்கள். 2018இல் அங்கே இந்தப் புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.