விண்டோஸா, லினக்ஸா? கம்ப்யூட்டர் வாங்கக் கடன் கேட்கும் முன்பு…



போன மாதம் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து கேட்டார். "ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தர்ற கடை வைக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம். கடைக்காரர் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் வாங்கணும்கிறார். காலேஜ் படிக்கிற என் மகன் லினக்ஸ் போதும், அது இலவசம்கிறான். யார் பேச்சைக் கேக்கறது?"

நல்ல கேள்வி. கடன் வாங்கி வாங்குகிற பொருள் இது. தவறாக வாங்கினால் கடைக்காரரும் தவணை கட்டமாட்டார், மகனும் கட்டமாட்டான். நாம்தான் கட்ட வேண்டும். அதனால் விவரமாகவே பார்ப்போம்.

இயங்குதளம் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை ஓட வைக்கிற அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஒன்று. இதை அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும் புரோகிராம், கடிதம் அடிக்கும் புரோகிராம் எல்லாம் பாத்திரங்கள். இண்டக்ஷன் அடுப்பு வாங்கிய வீட்டில் மண்சட்டி வைக்க முடியுமா? அதுபோல, ஒரு தளத்துக்காகச் செய்த புரோகிராம் இன்னொன்றில் அப்படியே ஓடாது. ஆகவே முதலில் என்ன சமையல், என்ன பாத்திரம் என்று பார்க்க வேண்டும். அடுப்பு அதற்குப் பிறகுதான்.

விண்டோஸ்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. இதற்கு உரிமம் வேண்டும், அதற்குக் காசு உண்டு. டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. போட்டோ கடைகளில் பயன்படும் போட்டோஷாப், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு வருவதில்லை. பக்கத்து டவுனில் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கும் விண்டோஸ்தான் நன்றாகப் பழக்கம். கிராமத்தில் கடை நடத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

லினக்ஸ்

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். உபுண்டு, மின்ட் என்று பல வகை உண்டு. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது பாஸ் லினக்ஸ். இவற்றை இலவசமாக, சட்டப்படியே போட்டுக்கொள்ளலாம். வைரஸ் தொல்லை குறைவு. பழைய கம்ப்யூட்டரிலும் ஓரளவு நன்றாக ஓடும். கடிதம் அடிக்கவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இது விண்டோஸிலும் ஓடும். வங்கி, ஜிஎஸ்டி போன்ற இணையதளங்களை இரண்டிலுமே பிரவுசர் வழியாகத் திறக்கலாம்.

மேக் நல்ல கம்ப்யூட்டர்தான். ஆனால் விலை அதிகம், டேலியும் அதில் நேரடியாக ஓடாது. நம் தேவைக்கு அவசியம் இல்லை.

நாங்கள் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். விற்றவர், "விண்டோஸ் ஃப்ரீயாவே போட்டுத் தர்றேங்க" என்றார். சந்தோஷமாக வாங்கி வந்தோம். அது உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி. பாதுகாப்பு அப்டேட் எதுவும் சரியாக வரவில்லை. ஒருநாள் வைரஸ் புகுந்து, இரண்டு மாதக் கடன் வசூல் கணக்கு முழுவதும் திறக்காமல் போய்விட்டது. குழுக்களின் பாஸ் புத்தகங்களை எல்லாம் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் ஏற்றினோம். நோட்டில் எழுதுவதை உறுப்பினர்கள் நிறுத்தாததால்தான் அன்று மானம் தப்பியது. 'ஃப்ரீ' என்றால் எதனால் ஃப்ரீ என்று கேட்கக் கற்றுக்கொண்டோம்.

பழைய லேப்டாப் வீட்டில் கிடக்கிறதா?

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். பல வீடுகளில் அது பீரோ மேல் தூசி பிடித்துக் கிடக்கிறது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்கள் பலவற்றை ஏற்பதில்லை. அதனால் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரியும் ஹார்ட் டிஸ்க்கும் சரியாக இருந்தால், இலேசான லினக்ஸ் போட்டுக் குழுக் கணக்கு எழுதலாம். அதற்காகப் புதுக் கடன் தேவையில்லை.

தமிழில் அடிக்கும்போது

வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தீர்மானம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் எந்தத் தளத்திலும் படிக்கலாம். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. ஒருமுறை பழகினால் போதும்.

அப்போ எது வாங்கலாம்?

கேள்வி கேட்ட அக்காவுக்கு எங்கள் பதில் இது. கடைக்கு விரல்ரேகைக் கருவி, பிரிண்டர், வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்புகள் எல்லாம் உண்டு. அதனால் உரிமத்தோடு கூடிய விண்டோஸ் வாங்குங்கள். உரிமச் செலவையும் சேர்த்தே கடன் கேளுங்கள். குழுக் கணக்குக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போதும். அதை மகனே போட்டுத் தரட்டும், அம்மாவுக்குச் சொல்லியும் தரட்டும்!

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்:

1. என்ன வேலைக்குக் கம்ப்யூட்டர்? அதற்கு எந்தப் புரோகிராம் வேண்டும்?
2. அந்தப் புரோகிராமும் பிரிண்டரும் எந்தத் தளத்தில் ஓடும்? கடையில் ஓட்டிக் காட்டச் சொன்னோமா?
3. விண்டோஸ் என்றால், உரிமம் பில்லில் எழுதியிருக்கிறதா?
4. பழுதானால் யார் பார்ப்பார்கள்?
5. வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுப்பது யார் பொறுப்பு?

ஐந்துக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கடைக்குப் போங்கள். எந்தத் தளம் வாங்கினாலும், கணக்கு நோட்டை மட்டும் மூடிவிடாதீர்கள்.